மாமாவின் முதல் தேர்வு

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் மாமா பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எஸ்டேட் ஸ்டாஃப் கிளப்பில் கூடுவோம். கேரம் போர்டைச் சுவரோரம் சாத்திவிட்டு, வெள்ளைப் பலகையில் ஏதாவது ஒரு கால்பந்து அணியின் முன்வரிசையை வட்டம் வட்டமாக வரைவார். அம்புக்குறி போடுவார். "இப்பச் சொல்லுங்க, இவனுக்குப் பந்து எங்கேருந்து வரும்?" என்று எங்கள் பக்கம் திரும்புவார். மாமா தேயிலை ஃபாக்டரியில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர். டீ மேக்கர் என்றால் எங்கள் எஸ்டேட்டில் சின்ன ராஜா. அவர் கேள்வி கேட்டால் பதிலையும் அவரே சொல்வதுதான் வழக்கம். இந்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். கிளப்பில் பாராட்டு மலர் போடுகிறார்களாம். "கால்பந்து ஞானி" என்று தலைப்புக்கூட வைத்தாகிவிட்டதாம். அக்கா மகள் என்பதால் என்னிடமும் நாலு வரி கேட்டார்கள். ஞானியாம்! எனக்கு நாலு வரி போதாது.

நாங்கள் ஆடியது ஃபேன்டஸி லீக். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லீக் தொடங்கும் முன் ஒருநாள் உட்கார்ந்து, நிஜமாக ஆடப்போகும் வீரர்களை ஆளுக்கு ஒருவராக, முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு அந்த வீரர் நிஜ ஆட்டத்தில் என்ன செய்கிறாரோ அதற்கேற்ப நமக்குப் புள்ளி. பந்தயம் கிடையாது, பணம் கிடையாது. ஜெயித்தவருக்கு அடுத்த வருஷம் வரை மற்றவர்களைக் கிண்டல் செய்ய உரிமை உண்டு, அவ்வளவுதான். தேவிகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நானும் ஓர் அணி வைத்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

மாமாவுக்கு விஷயம் தெரியும். அதை மறைக்க மாட்டேன். தெரியாத ஆள் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. "கோல் அடிச்சவன் பேரைப் பாத்து ஏமாறாதீங்க," என்பார். "போன வருஷம் அவனுக்குப் பந்து கொண்டாந்து கொடுத்தவன் இந்த வருஷம் இருக்கானான்னு பாருங்க. அவன் போயிட்டா இவன் வெறும் கம்பம்." பெனால்டி யார் அடிப்பார், ஃப்ரீ கிக்குக்கு யார் நிற்பார், மாற்று ஆட்டக்காரர் வந்தால் யாரை வெளியே எடுப்பார்கள் என்று ஒவ்வோர் அணியின் தாக்குதலையும் மெஷினைக் கழற்றி வைப்பதுபோல் கழற்றி வைப்பார். எந்த அணியின் முன்வரிசை பார்க்கத்தான் பளபளப்பு, எது ஓசையில்லாமல் கோல் போடும் என்று அவர் சொன்னால் பெரும்பாலும் அப்படியே நடக்கும். புள்ளி விதியை எழுதியவரும் அவரே. கோலுக்கு முழுப் புள்ளி, கோலுக்குப் பந்து கொடுத்தவனுக்குப் பாதி. அதற்கு முன்னால் பந்தைத் தொட்டவனுக்கு ஒன்றும் இல்லை.

என் தம்பி அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஆடுகிறவன். நடுவில் நின்று, தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, யாரும் நினைக்காத சந்தில் பந்தை விடுவான். அதை ஓரத்தில் ஒருவன் வாங்கிக் குறுக்கே தள்ள, மூன்றாமவன் கோலாக்குவான். அடித்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடும்போது தம்பி இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருப்பான். அவனைக் கேரளத்து அணி ஒன்று எடுத்தது. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு வருஷ ஒப்பந்தம். நன்றாக ஆடினால் தொடரும். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கொழுந்து பறிக்கிறவள். அவள் வேலையிலிருந்து நின்றால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும், வீட்டில் இன்னொருவர் எஸ்டேட் வேலைக்குப் பெயர் கொடுத்தால் ஒழிய. என் சம்பளம் என் குடும்பத்துக்கே சரியாக இருந்தது. மலைக்குக் கீழே எங்காவது ஒரு சொந்த வீடு என்பது முழுக்கத் தம்பியின் காலை நம்பித்தான் இருந்தது. இது மாமாவுக்கும் நன்றாகத் தெரியும்.

தம்பி அணியில் சேர்ந்த அந்த வருஷ டிராஃப்டில் முதலில் ஆள் எடுக்கும் முறை மாமாவுக்கு விழுந்தது. பலகையில் அந்த அணியின் முன்வரிசையை வரைந்து, தம்பியின் இடத்தில் இரண்டு வட்டம் போட்டு, "இவன்தான் இந்த வண்டிக்கு என்ஜின். ஆனா நம்ம கணக்குல இவனுக்குப் புள்ளி வராது. என்ஜினை எவன் பாக்கான், ஹாரன் சத்தத்தைத்தான கேக்கான்," என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, மூடியை வாயிலிருந்து எடுத்து, "என் முதல் ஆளு என் மருமகன்," என்றார். கிளப்பே கைதட்டியது. ஸ்டோர் கிளார்க் மட்டும், "என்ன டீ மேக்கரே, இப்பத்தான புள்ளி வராதுன்னீங்க?" என்று கேட்டார். "அதுக்காக? நம்ம வீட்டுப் புள்ளைய இன்னொருத்தன் எடுக்கிறதப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதீரா?" என்று மாமா எகிறினார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு நோய். கல்யாணப் பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதுபோல விளையாட்டிலும் தாய்மாமன் முறை பார்ப்பார்கள். ஸ்டோர் கிளார்க் சிரித்துக்கொண்டே தன் முறை வந்தபோது அதே அணியின் ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொண்டார். தம்பி திறந்துவிடும் வழியில் பந்து போய்ச் சேருகிற ஆள் அவன்தான்.

பிறகென்ன, தம்பியின் அணி ஜெயிக்க ஜெயிக்க மாமா தோற்றார். தம்பி பிரமாதமாக ஆடினான். பேப்பரில் அவன் பெயர் வந்தது. அம்மா அதைக் கத்தரித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் கிளப் பலகையில் மாமாவின் முதல் ஆளுக்கு நேரே வாராவாரம் சைபர். ஸ்டோர் கிளார்க்குக்கோ புள்ளி ஏறிக்கொண்டே போனது. "உங்க மருமவன் தங்கமான புள்ளை டீ மேக்கரே. எனக்காகவே விளையாடுதான்," என்று ஃபாக்டரி வாசலில், இலை எடை போட வந்த பெண்கள் முன்னால் சொல்லியிருக்கிறார். மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார், அம்மாவும் கேட்கட்டும் என்று. "ஏலே, கோல் போஸ்ட் எங்க இருக்குன்னு தெரியும்லா?" என்று ஆரம்பித்தார். "தெரியும் மாமா." "அப்ப ஏன்லே அடிக்க மாட்டேங்கே? எந்நேரமும் அடுத்தவனுக்கே ஊட்டிக்கிட்டிருக்க?" "கோச் அப்படித்தான் ஆடச் சொல்றார் மாமா. என்னைய எடுத்ததே அதுக்குத்தான்." மாமாவின் குரல் உயர்ந்தது. "கோச் ஒனக்கு மாமனா, நான் மாமனா? கோல் அடிக்கிறவனைத்தாம்லே எவனும் அடுத்த வருஷம் கூப்பிடுவான். ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." தம்பி, "சரி மாமா," என்றான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மாமா, நீங்கதான அவன் என்ஜின்னு பலகையில வரைஞ்சு சொன்னீங்க? இப்ப உங்க புள்ளிக்காக அவன் பிழைப்புல ஏன் கை வைக்கிறீங்க?" என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, மாமாவை எதிர்த்துப் பேசாத. இல்லாத அப்பனுக்கு அவுகதான் நிக்காக." அதுவும் உண்மைதான். தம்பியை மூணாறில் நடந்த செலக்‌ஷனுக்கு மழையில் கூட்டிக்கொண்டு போனவர் மாமா. அந்த நன்றியைத்தான் அவர் அன்று போனில் வசூல் செய்தார்.

அடுத்த ஆட்டத்தில் தம்பி ஒரு கோல் அடித்துவிட்டான். அடிக்காமலாவது இருந்திருக்கலாம்! மாமா கிளப்பில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் போன். தம்பி தூரத்திலிருந்து அடித்தான், நாலு பேருக்கு நடுவில் அடித்தான், திரும்பி நின்றுகொண்டு அடித்தான். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒரு ஆட்டம் என் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. கிளப் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து தம்பியிடம் வந்தது. இடது பக்கம் அந்த ஸ்ட்ரைக்கர் தனியாக நிற்கிறான், எதிரே வெறும் வலை. தட்டிவிட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கோலாக்கும். தம்பி அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தானே அடித்தான். கோல் கீப்பர் காலில் பட்டுப் பந்து வெளியே போனது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். "பரவால்ல, அந்தாளோட ஸ்ட்ரைக்கருக்குக் கொடுக்கலல்ல, அதுவே போதும்," என்று ஸ்டோர் கிளார்க்கைப் பார்த்துச் சிரித்தார். தம்பியின் அணி அன்று தோற்றது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளப்பிலிருந்து வெளியேறினேன்.

அவர்களுடைய கோச் மலையாளி. முன்பு தமிழ்நாட்டு அணியில் ஆடியவர், தமிழ் நன்றாகவே பேசுவார். என்னிடம் ஒருமுறை போனில் பேசினார். "சேச்சி, வீட்டுல எந்தெங்கிலும் பிரச்னையா? முன்னாடி தலையைத் தூக்கிப் பாத்துப் பந்து கொடுப்பான். இப்போ போஸ்ட்டைத் தவிர அவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை," என்றார். எங்கள் வீட்டுப் பெருமையை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு மாமன் வெள்ளைப் பலகையில் தோற்கிறான், அதனால் உங்கள் அணி மைதானத்தில் தோற்கிறது என்றா? ஒன்றுமில்லை சார் என்றேன். சில வாரங்களில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தொடரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தான். மாமாவிடம் கேட்டேன். "நான் என்ன அவன் காலையா ஒடிச்சேன்? அடிக்கத்தான சொன்னேன். அவனுக்கு அடிக்க வரல," என்றார்.

மறு வருஷம் டிராஃப்டுக்கு நான் போயிருக்கக் கூடாது. தம்பி போக வேண்டும் என்றான், மாமா கூப்பிட்டாராம். பின்னால் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். மாமா தம்பியின் பழைய அணியை வரைந்தார். நடுவில் ஒரு வட்டத்தைப் போட்டு, அதை அப்படியே பெருக்கல் குறியால் அடித்தார். "இவனுக முன்வரிசை இந்த வருஷம் ரொம்ப வீக்கு. ஸ்ட்ரைக்கரை எவனும் எடுத்துராதீங்க. பந்து கொண்டாந்து கொடுக்க ஆளில்ல." சத்தியமாகச் சொல்கிறேன், அவர் தம்பியைக் குத்திக்காட்டவில்லை. அவர் அலசினார், அவ்வளவுதான். சரியாகத்தான் அலசினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "அந்த ஆளு இங்கதான் உக்காந்திருக்கான் மாமா. நல்லாப் பாருங்க, நீங்க கெடுத்து வச்ச ஆளு," என்று கத்தினேன். மாமா பலகையைத் துடைத்துக்கொண்டே, "அவன் நாலு கோல் அடிச்சிருந்தா இன்னைக்கு அங்க இருந்திருப்பான்," என்றார். தம்பி என் சேலையைப் பிடித்து, "உக்காருக்கா," என்றான். அதற்குப் பிறகு நான் அந்தக் கிளப் படி ஏறவில்லை.

அம்மா வேலையிலிருந்து நின்றாள். வீட்டைக் காப்பாற்றத் தம்பி எஸ்டேட்டில் பெயர் கொடுத்தான். மாமாவே பேசி அவனை ஃபாக்டரியில் சேர்த்துவிட்டார், தன் கையின் கீழே. இலை வாட்டும் தட்டில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டிருக்கிறான். "என்ன இருந்தாலும் மாமா கைவிடலை பாத்தியா," என்று ஊரே மெச்சுகிறது. பாராட்டு மலரில் அதுவும் வருமாம். நல்லா வரட்டும். தம்பி மாமாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பேசினால், "விடுக்கா, நான்தான சரின்னேன்," என்கிறான். சரி என்று சொல்லாமல் இருக்க அவனுக்கு யாராவது இடம் கொடுத்தார்களா? அதை நினைத்தால் எனக்கு மாமா மேல் மட்டும் இல்லை, அம்மா மேலும் வருகிறது கோபம்.

போன ஞாயிறு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஃபாக்டரிப் பையன்கள் கீழ்மைதானத்தில் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பியும் இருந்தான். வெறும் பொழுதுபோக்கு ஆட்டம். புள்ளியும் இல்லை, கோப்பையும் இல்லை, பார்க்க வந்தது நானும் இரண்டு நாய்களும்தான். பந்து நடுவில் அவனிடம் வந்தது. பழைய மாதிரியே தலையைத் தூக்கினான். இடது பக்கம் ஒரு பையன் கையை உயர்த்தி, "அண்ணே, அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவன் முன்னால் யாருமே இல்லை. தம்பி அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, தானே ஓங்கி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து தேயிலைக்குள் விழுந்தது. மாமா அங்கே இல்லை. போனும் வரவில்லை. இனி அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.