அவங்களுக்கு ஆகாத இனிப்பு

தீபாவளிக்கு மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும், சின்னவளே, நீ என் டூல்ஸ் பையைத் திறந்து துழாவினாய். ஸ்பேனரும் டெஃப்லான் டேப்பும்தான் இருந்தன. "இன்னா நைனா, ஸ்வீட் டப்பா எங்க?" என்றாய். உன் அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன், ரெண்டு பேரும் படியுங்கள்.

நான் பிளம்பர். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் என்று எத்தனையோ வீட்டுச் சமையலறைக்குள் போய் வருகிறவன். தீபாவளி முடிந்த வாரம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு டப்பா கொடுப்பார்கள். "எங்க வீட்டுல யாரும் சாப்பிடறதில்ல, நீங்க எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அதில் பின்பாதி மட்டும்தான் இத்தனை வருஷமும் என் காதில் விழுந்தது. டப்பாக்களை அடுக்கி, கயிறு கட்டி, பட்டினப்பாக்கம் வரைக்கும் பெருமையாக வண்டியில் கொண்டு வருவேன். நீங்களும் சோறு வேண்டாம் என்று தின்பீர்கள். நான் பார்த்துச் சிரிப்பேன்.

ஆடி மாதம் என் கால் விரல் இடுக்கில் ஒரு புண் வந்ததே, ஞாபகம் இருக்கா? ஆறவே இல்லை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"ஏழு, எட்டு ஆவும் மேடம்."

"எவ்ளோ சக்கரை போடறீங்க?"

"நான் எங்க போடறேன்? வேலைக்குப் போற வீட்டுல அவங்களா போட்டுத்தான் குடுக்கறாங்க."

அவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள்: "ரத்தத்துல சக்கரை இன்னும் கொஞ்சம் ஏறினா மாத்திரைதான். மேல போடற சக்கரையை இன்னியோட நிறுத்துங்க. ஈரத்துல நிக்கிற பொழப்பு உங்களுது. கால் போச்சுன்னா பொழப்பும் போச்சு. தீபாவளி கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம்."

ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். சர்க்கரை, இனிப்புப் பண்டங்கள் கூடாது என்பதுதான் முதல் வரி.

நிறுத்துவது லேசு என்று நினைத்தேன். டீக்கடையில் "சக்கர இல்லாம ஒண்ணு" என்று கேட்டால், "இன்னா மச்சி, ஆபீசர் ஆயிட்டியா?" என்று மாஸ்டர் கேட்கிறான், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் கேட்டால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் காபி கசப்பாக இருக்கும். எனக்கு வருவது பாயசம் மாதிரி இருக்கும். உழைக்கிறவனுக்கு ஒரு ஸ்பூன் கூடப் போட்டால் மரியாதையாம்!

தீபாவளிக்கு மறுநாள் போனது மயிலாப்பூரில் ஒரு மூணாவது மாடி வீடு. சிங்க்குக்கு அடியில் வேஸ்ட் பைப் ஒழுகியது. மல்லாந்து படுத்து வாஷரை மாற்றிக்கொண்டிருந்தபோது, எதிரே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியின் வழவழத் தாள். ஆனால் முதல் வரி என் தாளில் இருந்த அதே வரி. அதற்குக் கீழே அந்த வீட்டு மாமி சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தார்கள்.

நான் எழுந்து கையைத் துடைத்ததும் மாமி டப்பாவை நீட்டினார்கள். "இந்தாப்பா, மைசூர்பா, பாதுஷா எல்லாம் இருக்கு. எங்காத்துல யாரும் தொடறதில்ல."

"வாணாம் மாமி. எனக்கும் சுகர் வர்ற மாதிரி கீதுன்னாங்க."

"நோக்கா? ஓடியாடி வேலை பண்றவனுக்கு எப்படிப்பா வரும்? சரி, கொழந்தேளுக்குக் கொண்டு போ."

ஹாலில் இருந்து மாமாவின் குரல் வந்தது. "அவன்தான் வேண்டாங்கறானே. நேக்கு ஒண்ணே ஒண்ணு கொடேன்."

"நீங்க வாய மூடிண்டு இருங்கோ! கால் வீங்கிண்டு கிடக்கு, மைசூர்பா கேக்கறதாம்!"

மாமாவை அதட்டும்போதும் டப்பாவை நீட்டிய கை இறங்கவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டு மனுஷனுக்கு ஒரு துண்டு கூட விஷம். என் பிள்ளைகளுக்கு ஒரு டப்பா நிறையப் பிரியம்!

"மாமா உடம்பு மாதிரிதான மாமி எங்க பசங்க உடம்பும்?" என்று கேட்டுவிட்டேன்.

மாமி முகம் சுருங்கிப் போச்சு. "கெடுதல்னு நினைச்சா கொடுத்தேன்?" என்றார்கள். நினைத்துக் கொடுக்கவில்லைதான், அது எனக்கும் தெரியும். நினைக்கவே இல்லை என்பதுதான் என் ஆத்திரம். நானும்தான் இத்தனை வருஷம் நினைக்கவில்லை. அதனால் அந்த ஆத்திரத்தில் பாதி எனக்கே.

படி இறங்கி வருவதற்குள் டப்பா எனக்கு முன்னால் கீழே போய்விட்டது. பால்கனியில் இருந்து காய்கறிக்காரருக்கு இறக்குகிற கயிற்றுப் பையில் வைத்து இறக்கியிருக்கிறார்கள். வாட்ச்மேன் பெரியவர் மடியில் அது திறந்து கிடந்தது.

"வா நைனா, ஒண்ணு எடுத்துக்க."

"எனக்கு ஆவாது பெரியவரே. உனக்கு சுகர் பாத்துக்கினியா?"

"எவன் பாத்தான்? பாத்தாதான அது இருக்கும்!" என்று சொல்லிவிட்டு ரெண்டாவது மைசூர்பாவை வாயில் போட்டார்.

போன வியாழக்கிழமை மறுபடி ரத்தம் சோதிக்கப் போனபோது, பிடிவாதமாக அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாத்திரை வேண்டாம், இப்படியே இருங்கள் என்றார்கள். புண்ணும் காய்ந்துவிட்டது. பெரியவர் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "செருப்பைக் கழட்டுங்க, கால் ரெண்டையும் காட்டுங்க" என்றார்கள்.

இனிமேல் என் பையில் டப்பா வராது. உங்களுக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கிறது.