வெல்லம் கலந்த சுண்ணாம்பு

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ராக்கம்மாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லோரி ஹார்ன் அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கிராணி பெயர் கூப்பிட்டால், "இருக்கேங்க" என்று சொல்வதற்குள் வியர்த்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி நான். அவளைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியிருக்கிறேன்.

ஐம்பத்தொன்றாம் வருடம், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம். கோலா பிலா சாலையோரம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களை ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். பழைய லயமும் மாரியம்மன் கோயிலும் வேலிக்கு வெளியே போய்விட்டன. முதன்முதலில் கப்பலில் வந்தவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோயில் அது. இரண்டு வருடம் ஆள் போகாததில் ஆலஞ்செடி வேர்விட்டு, பின்சுவர் கைநுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது.

ஒருநாள் சின்னத்துரை என்ற அந்தக் கிராணி எல்லோரையும் நிறுத்திவைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "மாதக் கடைசியிலை பட்டாளத்து ஒபிசர் வாறார். கோயில் பாழாய்க் கிடந்தால், காட்டிலை இருக்கிற ஆக்கள் ஒளிக்கிற இடமெண்டு இடிச்சுப்போடுவினம்" என்றார்.

ஆண்களுக்கெல்லாம் அன்றைக்கென்று முதுகுவலியும் முழங்கால்வலியும் வந்தன. கல்யாணத்துக்கு முன் கொத்தனாரிடம் சித்தாளாக இருந்த ராக்கம்மாதான், "நான் பூசுறேன்" என்றாள். சொல்லும்போதே வியர்த்துவிட்டது. அவளுடைய சின்ன மகள் அம்மை கண்டு பிழைத்தது அந்தக் கோயில் வாசலில்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதற்குப் பதில் இந்த வேலை என்று எங்கள் இருவரையும் கிராணி எழுதிக்கொண்டார்.

பழைய சுவரில் சிமெண்டு நிற்காது. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்க வேண்டும். வம்பே அங்கேதான். ஒரு பிடி அரிசியோ சீனியோ வேலியைத் தாண்டினால், காட்டுக்காரர்களுக்குத் தீனி போடுவதாகப் பிடித்துப்போவார்கள். முந்தின மாதம் முந்தானையில் சோறு முடிந்துகொண்டு போன மங்கம்மாவை லோரியில் ஏற்றினார்கள். அவள் திரும்பி வரவேயில்லை.

ராக்கம்மா வெல்லத்தை வீட்டிலேயே கரைத்துச் சுண்ணாம்போடு அரைத்துவிட்டாள். "கலந்துட்டா அது சாப்பாடு இல்லலா, யாரு கேட்பா?" என்றேன் நான், பெரிய வக்கீல் மாதிரி.

காலையில் வேலிக் கேட்டில் சோதனை வரிசை. அவளுக்குப் பின்னால் நான். மலாய் போலீஸ்காரன் வாளிக்குள் குச்சியை விட்டுக் கிளறினான். பிறகு குனிந்து மோந்து பார்த்தான்.

"இனி அப்பா?" இது என்ன என்று மலாயில் கேட்டான்.

"காப்போர், துவான்." சுண்ணாம்பு ஐயா என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்.

மறுபடி மோந்து பார்த்தான். "மாக்கான்" என்றான். சாப்பிட்டுக் காட்டச் சொல்கிறான்.

ராக்கம்மா இரண்டு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவனே பதறிப்போய், "சூடா, சூடா! புவாங்லா!" என்றான்; போதும், துப்பு என்று கையை ஆட்டினான். இவள் துப்பவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு வாளியைத் தூக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். வளைவு திரும்பி, கேட் மறைந்த பிறகுதான் ரப்பர் மரத்தடியில் விழுந்து துப்பினாள். ரத்தமும் சேர்ந்து வந்தது.

"அவன்தான் துப்பச் சொன்னானேக்கா!"

"அங்க வாயைத் திறந்து துப்புனா வெல்ல வாசம் அடிச்சிடும்டி," என்றாள், வார்த்தை குழற. "என்னையும் லோரியில ஏத்திட்டா பொண்ணுங்கள யாரு பார்ப்பா?"

அன்று முழுவதும் எந்த மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ என்று நான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பூசினாள். மறுநாளிலிருந்து அந்தப் போலீஸ்காரன் வாளியைப் பார்த்ததுமே வழிவிட்டான். மாதக் கடைசியில் வந்த ஆபிசர் வெள்ளைச் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வேலியைப் பிரித்து வெகுகாலம் ஆயிற்று. கோயில் நிற்கிறது. லோரி ஹார்னுக்கு ராக்கம்மா இன்னும் கதவைச் சாத்துகிறாள், நான் சிரிப்பதில்லை. அவள் வாய்ப்புண் ஆறியது, நாக்குக்கு ருசி மட்டும் திரும்பவில்லை. ஆனாலும் திருவிழாப் பொங்கலுக்கு வெல்லம் போடுவது அவள்தான், வேறு யாரையும் விடமாட்டாள். போட்டுக் கிண்டிவிட்டு, கரண்டியோடு என்னிடம் வருவாள்.

"இனிப்பு சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுடி."