லெயோனில்தே கழற்றிய மூடிகள்

வண்டி நிற்பதற்குள் லெயோனில்தே மூக்கை நீட்டிவிடுவாள். லெத்ராஸ் கணவாயிலிருந்து எண்பது கிலோமீட்டர் இறங்கி மரிகீத்தாவுக்குள் நுழைகிற எந்த வண்டியும் முதலில் தாண்ட வேண்டியது அவள் பிரேக் பட்டறையைத்தான். லாரியோ, பஸ்ஸோ, பணக்காரர் வீட்டுக் காரோ, எல்லாச் சக்கரத்தையும் ஒரு சுற்று முகர்ந்த பிறகுதான் ஓட்டி வந்தவன் முகத்தையே பார்ப்பாள். "முன்னாடி இடது பக்கம் கருகியிருக்கு. நியூட்ரல்ல இறங்கினியா?" என்பாள். அவன் இல்லவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்வான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் இறங்குவது இந்தப் பாதையில் எல்லோரும் செய்கிற, யாரும் ஒப்புக்கொள்ளாத காரியம்.

வயது ஐம்பத்து நான்கு. குட்டை உருவம், முழங்கை வரை கரி, காதில் மட்டும் பளிச்சென்று தங்கத் தோடு. கறுப்புக் காபி டம்ளரைப் பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பாள்; திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவாள்; இதுவரை மாற்றிக் குடித்ததில்லை. மங்குஸ்தான் காலத்தில் பட்டறை முழுக்கப் பழத்தோல் கிடக்கும். முப்பது வருடமாக இந்த ஊரின் பிரேக்குகளைப் பார்க்கிறவள், ஒரு தடவைகூட அந்த மலையில் வண்டி ஓட்டியதில்லை. அவளுக்குச் சைக்கிள்தான். ஏன் என்று கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவளுக்குப் பயமா இருக்காதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள்.

அவளுக்குச் சட்டென்று கோபம் வராது. நியூட்ரல்காரர்களைத் திட்டுவதெல்லாம் பாசத்தில் சேர்த்தி. ஆனால் புதிதாக வருகிற மின்சாரக் கார்களின் சக்கரத்தைக் காட்டிப் பாருங்கள், ஆளே மாறிவிடுவாள். முன்பெல்லாம் சக்கரத்தில் ஆரத்துக்கு ஆரம் இடைவெளி இருக்கும். காற்று உள்ளே புகுந்து, கொதிக்கிற பிரேக் தட்டை ஆற்றிவிட்டு வெளியே வரும். இப்போது அந்த இடைவெளிகளைக் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகளால் அடைத்து அனுப்புகிறார்கள். வெளிக்காற்று சக்கரத்தில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகுமாம். ஒரு சார்ஜில் பத்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடுமாம்.

"நம்ம ரோட்டுல நாப்பதுக்கு மேல எவன் போறான்? உருண்டு வர்ற வண்டி எந்தக் காத்தை ஏமாத்தப் போகுது?" என்பாள் லெயோனில்தே. நியாயமான கேள்வி. சமவெளியில் உட்கார்ந்து சக்கரம் வரைகிறவர்களுக்கு இது தோன்றாதது ஆச்சரியமில்லை. அதை அப்படியே வாங்கி மலையில் விடுகிறவர்களுக்கும் தோன்றவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மேலே மலைக் கிராமங்களில் சிறுநீரகம் கெட்டவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்திகரிக்க, மரிகீத்தாவைத் தாண்டி ஓந்தா ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவர்களுக்காகச் சுகாதார அலுவலகம் வாடகைக்கு எடுத்துக் கொடுத்ததுதான் அந்தப் புது மின்சார வேன். மூடி போட்ட சக்கரம். ஓட்டுவது எவெலியோ, பேச்சு குறைவான, கவனமான ஆள். தினமும் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று அவனுக்கு எழுத்தில் உத்தரவு. இறங்கும்போது மின்சார வண்டி தன் வேகத்தையே மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் போட்டுக்கொண்டு வேகம் குறையும். உச்சியிலேயே பேட்டரி நிரம்பி வழிந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடம் ஏது? மொத்தச் சுமையும் பிரேக் தலையில் விழும். அந்தப் பிரேக்குக்கோ மூச்சுவிட வழியில்லாமல் மூடி.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஊருக்கு மூன்று வளைவு மேலே, எவெலியோவின் காலடியில் பிரேக் பெடல் பஞ்சாக இறங்கிவிட்டது. கைப்பிரேக்கைப் பிடித்து, மலைச்சரிவில் ஒரு பக்கத்தை உரசி, எப்படியோ நிறுத்தினான். உள்ளே ஆறு பேரும் இருந்தார்கள். கைப்பிரேக்கிலேயே ஊர்ந்து பட்டறைக்கு அவன் வந்தபோது சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. லெயோனில்தே ஸ்குரூடிரைவரை விட்டு நான்கு மூடியையும் நெம்பி எடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் செய்தது, முதலிலேயே ஒரு பொறியாளர் செய்திருக்க வேண்டியது. நோயாளிகளின் எடைக்கு எட்டு மூட்டை உருளைக்கிழங்கை வேனில் ஏற்றி, எவெலியோவை இரண்டு தடவை இறங்கச் சொன்னாள். ஒரு தடவை மூடியோடு, ஒரு தடவை மூடி இல்லாமல். இரண்டு தடவையும் பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தது. வந்து நின்றதும் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான வெப்பமானியைப் பிரேக் தட்டுக்கு நேரே பிடித்தாள். மூடியோடு நானூற்று முப்பத்தாறு டிகிரி. மூடி இல்லாமல் முந்நூற்று நாற்பது. இரண்டையும் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தாள். பேட்டரியை எண்பது சதவீதத்தோடு நிறுத்து என்று எவெலியோவிடம் சொன்னதற்கு, உத்தரவை மீறினால் வேலை போய்விடும் என்று அவன் கையைப் பிசைந்தான். அப்படியானால் மூடியாவது வேண்டாம் என்றாள். இரண்டு மாதம் மூடி இல்லாமல்தான் வேன் ஓடியது.

வேனை வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. போன புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, வேன் வந்து நிற்கிற நேரம் பார்த்து, தலைநகர் பொகோத்தாவிலிருந்து கமார்கோ என்ற அதிகாரி வந்து இறங்கினார். டை கட்டிய எல்லோரும் இங்கே டாக்டர்தான், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. கையில் புத்தம் புது மூடிகள் நான்கு, ஒரு காகிதம்.

மூடி வண்டியின் பாகம், பாகத்தைக் கழற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று மரியாதையாகத்தான் சொன்னார். சோதனைத் தடத்தில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தது என்றார். லெயோனில்தே சுவரில் இருந்த எண்களைக் காட்டினாள்.

"உங்க தடத்துல எத்தனை மலை டாக்டர்?"

அவர் காகிதத்தை நீட்டினார். மூடிகளை இப்போதே மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால், வேனுக்கும் அதில் வருகிறவர்களுக்கும் இனி எது நேர்ந்தாலும் இந்தப் பட்டறையே பொறுப்பு. எவெலியோவும் அதைப் படித்தான். "வேணாம் அக்கா. நாளைக்கு எவனாவது லாரிக்காரன் வந்து இடிச்சாக்கூட உங்க பட்டறைதான் போகும். மாட்டிருவோம், நான் மெதுவா இறங்கிக்கிறேன்" என்றான்.

"மெதுவா இறங்கித்தானே அன்னிக்குப் புகையோட வந்தே?"

அவள் அதிகாரியிடம் பேனா கேட்டு வாங்கினாள். காகிதத்தைத் திருப்பி, வேனின் பானெட் மேல் வைத்து, பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் நிதானமாக எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினாள். மூடிகளை மாட்டியதால் வேனுக்கும் அதில் வருகிறவர்களுக்கும் இனி எது நேர்ந்தாலும் கமார்கோவாகிய நானே பொறுப்பு.

"நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க. இந்த நிமிஷமே நான் மாட்டித் தர்றேன்."

தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார் அவர். அதிகாரம் உள்ளவரைக் கேளுங்கள், காத்திருக்கிறோம் என்றாள் அவள். அவர் போனோடு மாமரத்தடிக்குப் போனார். அங்கேயும் இங்கேயும் நடந்தார். பத்து நிமிடம் போனது. வேனின் ஜன்னலிலிருந்து, கையில் கட்டுப் போட்ட ரோஸ்மீரா அம்மாள் தலையை நீட்டினாள்.

"டாக்டர், ஏழு மணிக்கு எனக்கு மெஷின் போடணும். கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல நான் இறங்கி நடக்கட்டுமா?"

வேனுக்குள் யாரோ சிரித்தார்கள். கமார்கோ திரும்பி வந்தார். காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் இன்னொரு தடவை படித்தார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பொகோத்தாவில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, தன் கையில் எதுவுமில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நாற்பது வயது ஆள். வீட்டில் குழந்தைகள் இருக்கலாம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜன்னலில் இருந்த ஆறு முகத்தையும் பார்த்துவிட்டு, மூடியை மாட்டு, பொறுப்பு மட்டும் கேட்காதே என்று சொல்ல ஒரு மனிதனுக்கு எப்படி வாய் வருகிறது?

லெயோனில்தே காகிதத்தை மறுபடி திருப்பினாள். பட்டறைதான் பொறுப்பு என்ற வரிக்குக் கீழே, முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டாள். காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். எவெலியோ வேனைக் கிளப்பினான். மூடியில்லாத சக்கரங்கள் ஓந்தா ரோட்டில் திரும்பி மறைகிற வரை அவள் நின்றாள்.

அதிகாரியின் பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. அதில் ஒட்டிய கரியைத் தன் உடுப்பில் அழுத்தித் துடைத்து, மூடியைத் திருகி, அவர் கை நீட்டுவதற்குள் அருகே போய், அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் தானே செருகிவிட்டாள்.