அழுந்தியே கிடந்த விசை

செக் நாட்டின் புர்னோ நகர அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ராதோவன். கீபோர்டு, மௌஸ் டிரைவர்களை லினக்ஸின் உட்கருவான கர்னலுக்கு வெளியே, சாதாரண புரோகிராமாகவே எழுதிக்கொள்ள ஒரு வாசல் வடிவமைத்தவர். அதை எங்கள் பொது மின்னஞ்சல் குழுவில் வைத்தபோது லிபுஷே என்ற பெண் கேட்டாள்: “விசை அழுந்தியிருக்கும்போதே புரோகிராம் செத்துட்டா, விசையை யாருங்க விடுவிப்பாங்க?”

“அவங்கவங்க தட்டை அவங்கவங்கதான் கழுவணும். கர்னல் என்ன உங்க அம்மாவா?” என்று ராதோவன் பதில் போட்டார். குழுவே சிரித்தது, வெட்கங்கெட்ட நானும்தான். லிபுஷே அதன்பின் எழுதவேயில்லை.

சில வருடங்கள் கழித்து, போன மாதம் ராதோவனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கை அசையாத ஒருவர், வாயால் ஊதித் தட்டச்சு செய்பவர். ராதோவனின் வாசல் வழியே ஓடிய அவருடைய கருவியின் புரோகிராம் நடுவில் செத்துப்போக, அழிக்கும் விசை அழுந்தியே கிடந்தது. தான் எழுதியதெல்லாம் எழுத்தெழுத்தாக அழிவதை, நிறுத்த வழியின்றி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ‘தப்பு என்மேலதான் இருக்கும், மன்னிச்சுக்குங்க’ என்று வேறு எழுதியிருந்தார்.

ராதோவன் சாப்பிடப் போகவில்லை. அன்றே திருத்தம் எழுதினார். குறையைச் சொன்னவர் பெயரைத் திருத்தத்தின் அடியில் போடுவது எங்கள் வழக்கம். லிபுஷேயின் பெயரைப் போட்டு அவளுக்கே அனுப்பினார்.

பதில் வந்தது. “திருத்தம் சரியா இருக்கு. என் பேரு வேணாம். இப்பவும் இணையத்துல என் பேரைத் தேடினா முதல்ல நீங்க அடிச்ச அம்மா ஜோக்குதான் வருது.”

குழுவில் போட்ட மடலை யாராலும் அழிக்க முடியாது. ராதோவன் திருத்தத்திலிருந்து அவள் பெயரை அழித்தார். அவரால் அழிக்க முடிந்தது அது ஒன்றுதான்.