கூம் கட்டிய பிரேக்

என் மருமகள் ராட்மிலா ஓட்டும் காருக்கு இருபத்து மூன்று வயது. ஜெர்மனியில் செய்த சின்ன டீசல் கார். என் மகன் வியன்னாவில் கட்டட வேலை பார்த்து வாங்கியது. பிறகு அவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டான், கார் மட்டும் வீட்டுக்கு வந்தது. பெற்ற பிள்ளை என்பதற்காக நான் எதையும் மூடி மறைக்கப் போவதில்லை. ராட்மிலா ஒரு குளிர்காலம் முழுக்க அழுதாள். பனி உருகியதும் பக்கத்து டவுனான நெகோட்டினுக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

மலைமேல் ஆறு ஊர்களில் தனியாகக் கிடக்கும் பதினொரு கிழடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாத்திரை கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், அடுப்புக்கு விறகு பிளந்து வைப்பாள். நகராட்சி இருபத்தெட்டாயிரம் தினார் சம்பளம் தருகிறது. காரை வருஷா வருஷம் சோதனைக்கு விட்டுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு போனால் வேலையும் போய்விடும்.

காரைப் பழுது பார்த்தது எங்கள் கூம் திஹோமிர். கல்யாணத்துக்குச் சாட்சி நின்று, பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்தான் கூம். உடன்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். திஹோமிரின் தாத்தா என் மாமனாருக்குக் கூமாக நின்றவர். கூம் காசு வாங்க மாட்டார். நாம் கொடுக்கவும் கூடாது. அதனால் ரேடியேட்டர் ஒழுகியபோது அவர் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றி அடைத்தார், நாங்கள் ஒரு பன்றித்தொடை கொடுத்தோம். கதவுக்குக் கீழே துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது தகரம் வைத்துத் தார் பூசினார், நாங்கள் பத்து லிட்டர் பிளம் சாராயம் கொடுத்தோம். ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்ததற்குக் கம்பியைக் கட்டிவிட்டார். அதற்கு என்ன கொடுத்தோம் என்பது மறந்துவிட்டது. அந்தப் பிரேக் மேட்டில் நிற்காது. ராட்மிலா காருக்குள் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, இறங்கியதும் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பாள். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன அக்டோபர் சோதனையில் அங்கிருந்த ஆள் கதவுக்குக் கீழே திருப்புளியால் ஒரு குத்துக் குத்தினார். பாலாடைக்கட்டியில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கிற்று. முன் சக்கரம் ஆடுகிறது, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பதிவு முடிய இரண்டு வாரம்தான் இருந்தது.

திஹோமிர் கவலைப்படவே இல்லை. அந்த ஆளுடைய மைத்துனனைத் தனக்குத் தெரியும், ஒரு பாட்டில் கொடுத்தால் சோதனையில் தேறிய ஸ்டிக்கர் வந்துவிடும் என்றார்.

ராட்மிலா அவரையே பார்த்தாள். "ஸ்டிக்கர் வந்துரும் கூம். பிரேக் பிடிக்குமா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்குள் வந்ததும், நெகோட்டினில் விதோயே என்ற மெக்கானிக்கிடம் வண்டியை விடப்போவதாக அவள் என்னிடம் சொன்னாள். நான் கத்தினேன். மூன்று தலைமுறை உறவு, ஊர் சிரிக்கும், அவர் முகத்தில் அறைவதும் இதுவும் ஒன்றுதான் என்றேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை.

"அத்தே, நடக்க முடியாத லெபோசாவா கிழவிய காருக்குள்ள உக்கார வச்சிட்டு, மேட்டுல நான் கல்லத் தேடிட்டு நிக்கணுமா?"

அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

விதோயே வண்டியைத் தூக்கிப் பார்த்துக் கணக்குச் சொன்னார். இரண்டு பக்கமும் துருவை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க இருபத்திரண்டாயிரம். பின் பிரேக்கும் கேபிளும் ஒன்பதாயிரம். முன் சக்கரத்தைத் தாங்கும் கைகள் எட்டாயிரத்து ஐந்நூறு. புது ரேடியேட்டர் ஏழாயிரம். அவள் பழைய இரும்புக் கடையில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு ஒரு ரேடியேட்டரைத் தேடிப் பிடித்து, பஸ்ஸில் தன் மடியில் வைத்தே கொண்டுபோய்க் கொடுத்தாள். மொத்தம் நாற்பத்திரண்டாயிரம். காரை விற்றாலே அறுபதாயிரம் தேறினால் அதிகம். தலைமுழுகச் சொன்னவர்கள் பலர். அதே காசுக்கு இன்னொருவன் கழித்துக் கட்டிய வண்டிதான் கிடைக்கும், அதற்கு என்ன நோய் என்று யார் கண்டது, இதன் நோயாவது எனக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

எங்கள் வீட்டுத் திருநாள் நவம்பரில் அதிதூதர் மிக்கேல் நாளன்று வரும். அதற்காக வளர்த்த பன்றியை விற்றாள், முப்பதாயிரம் வந்தது. மீதிக்குச் சாராயத்தை விற்றாள். பன்றி ஏறிப்போன வண்டியை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காரை விடுவதற்கு முந்தின நாள், ஊர் வாய் முந்திக்கொள்ளக் கூடாதென்று, காப்பித்தூளும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு அவளே திஹோமிர் வீட்டுக்குப் போனாள். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி குடித்து முடிக்காத கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என் கையில என்ன குறை கூமா?" என்றார் அவர். கூம் உறவில் பெண்களைக் கூமா என்றுதான் கூப்பிடுவது.

"கையில குறையில்ல. அது காசு வாங்காத கை. ஓசியில செஞ்சவர்கிட்ட, இது சரியில்ல, திரும்பச் செய்யுங்கன்னு எப்படிக் கேக்குறது? அஞ்சு வருஷமா கேக்க முடியல."

அவர் வாசல் வரை வந்து எங்களை வழியனுப்பவில்லை.

பதிவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கார் சோதனையில் தேறியது. மறுநாள் ராட்மிலா லெபோசாவா வீட்டு மேட்டில் காரை நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தாளாம். அசையவில்லையாம்.

திருநாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். திஹோமிர் எல்லோருக்கும் கடைசியாக வந்தார். பன்றிக்கறி எங்கே என்று கேட்கவில்லை. கோழியும் மொச்சையும் சாப்பிட்டார். பிறகு முற்றத்துக்குப் போனவர் முழங்காலில் சேறோடு திரும்பி வந்தார்.

"நல்லாத்தான் பத்த வச்சிருக்கான். ஆயில் மாத்தலியா?"

"நீங்களே மாத்துங்க. கூலி ஆயிரத்தி ஐநூறு."

"கூமுக்கா கூலி?"

"வேணாம்னா நெகோட்டின்ல மாத்திக்கிறேன்."

கூமுக்குக் கூலி கொடுப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அவர் எண்ணெய் டப்பாவோடு வந்தார். வேலை முடிந்ததும் ராட்மிலா பணத்தை நீட்டினாள். அவர் கையைத் துடைத்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கி, எண்ணாமல் பையில் திணித்துக்கொண்டார்.

அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

"கூம், ஒரு சொட்டு விழுது."

அவர் சாக்கை விரித்து, மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்தார்.