முதுகு காட்டிக் கேட்பது

அப்பாவின் குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் வீட்டில் புதிதாகக் கேட்ட சத்தங்கள் இவை: மின்விசிறியின் கிறீச்சல், கீழ் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறுவது, வெளியே சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள் பிரேக்கை விடுவது, அம்மாவின் பாட்டு. முதல் மூன்றும் எப்போதும் இருந்தவைதான். அவருடைய குரலுக்கு அடியில் கிடந்திருக்கின்றன. நான்காவது எனக்கே புதிது.

அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. கப்பலின் அடிவயிற்றில் நின்றுகொண்டு மேலே கிரேன்காரருக்கு "ஆரியா" என்று கத்துவார். இறக்கு என்று அர்த்தம். வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வாயாலேயே வேலையை முடிக்கிற ஆள் என்று கூட்டாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். சாயங்காலம் அதே குரல் திருவொற்றியூர்க் குடியிருப்பின் மூன்று மாடியும் ஏறி வரும். ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிடும். படித் திருப்பத்தில் அவர் யாரிடமாவது பேசும் தொனியை வைத்து அம்மா அன்றைய இரவைக் கணித்துவிடுவாள்.

அவர் அம்மாவை அடித்ததே இல்லை. அதை அவரே சொல்லிக்கொள்வார். "நான் கை வெச்சிகீறேனா? கேளு உங்கம்மாவ!" கை வைக்கும் தேவை அவருக்கு இருந்ததில்லை. சோற்றில் உப்பு, அம்மாவின் நிறம், அவள் பிறந்த வீட்டு ஆட்கள், பிள்ளை பெண்ணாய்ப் பிறந்த என்னோடு நின்றுபோனது, எதை எடுத்தாலும் கட்டடம் முழுக்கக் கேட்கும். மறுநாள் தண்ணீர் பிடிக்குமிடத்தில் யாரும் அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தபோது நிலக்கரித் தூசி என்றார். பிறகு புற்று என்று தெரிந்தது. எடுக்க வேண்டியதை முழுவதுமாக எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தின் அடியில் ஒரு துளை போட்டு அனுப்பினார்கள். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, தொழிற்சாலைகளின் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அதனால் எனக்கு விஷயம் சுலபமாகப் புரிந்தது: குழாயின் பாதையை மாற்றிவிட்டார்கள், நுரையீரலின் காற்று இனி வாய்க்கு வராது. காலையில் துளையைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. ஈரத் துணி, சின்ன டார்ச், இடுக்கி, மேலே கட்டும் மெல்லிய துணி, எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவர் அழுதார். சத்தமே இல்லை. துளையிலிருந்து காற்று விட்டுவிட்டு வந்து என் விரலில் பட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் படியில் அம்மாவை நிறுத்தி, "இன்னாக்கா, உன் வூட்ல ஸ்பீக்கரு ரிப்பேரா? வெளிய ஒரு சத்தமும் காணோமே!" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா சிரித்தாள். "ஆமா, ஸ்பேர் பார்ட் கெடைக்கலயாம்." அம்மாவுக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பரண்மேல் கிடந்த ரேடியோவைத் துடைத்து அடுப்பறை ஜன்னலில் வைத்தாள். மீன் கழுவும்போது அதோடு சேர்ந்து பாடினாள். அப்பாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டுவார். அவள் பாட்டை நிறுத்தாமலே எழுந்து போவாள்.

அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்த பெண் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நுரையீரல் காற்று இல்லாவிட்டால் என்ன, வாய்க் காற்றை உணவுக்குழாயின் மேல்பாகத்துக்குத் தள்ளி, அதை ஏப்பம்போலத் திருப்பிக் கொண்டுவந்து, நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்க வேண்டும் என்று விளக்கினார். "ஏப்பம் விடக் கூடாதுன்னு சின்ன வயசுல திட்டியிருப்பாங்க. இங்க அதுதான் பாடம்" என்றார். அப்பா சிரித்தார்.

"ப, த, க. இதுல ஆரம்பிக்கிற வார்த்தைங்க முதல்ல வரும். பத்து, தட்டு, காபி. வாயை அடைச்சுத் திறக்கும்போதே காத்து உள்ள போயிடும்."

எனக்கு வேறு சில சொற்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. பேமானி, கஸ்மாலம், பொறம்போக்கு. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்து இறுகினா காத்து ஏறாது. முதல்ல தோளை இறக்குங்க. நல்லாத் தளர விடுங்க. அப்புறம்தான் பேச்சு." அப்பாவின் இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்திக் காட்டினார். முதல் நாளே ஒரு 'பா' வந்தது. பலகையை நகர்த்தியதுபோன்ற ஒலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் பழக ஒருவர் கேட்க வேண்டும். பகலில் இருப்பவள் அம்மாதான். "நீங்க அவர் வாயைப் பாக்கக் கூடாதும்மா. பாத்தா உதட்டை வெச்சே கண்டுபிடிச்சிடுவீங்க. முதுகைக் காட்டி உக்காந்துக்கோங்க. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், காதுல என்ன விழுந்துச்சோ அதைத் திருப்பிச் சொல்லுங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க, அவர் இன்னொரு தடவை சொல்வார்."

அப்படியே நடந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் பார்ப்பேன். அப்பா சுவரோடு நாற்காலியில். அம்மா அவருக்கு முதுகைக் காட்டித் தரையில், அரிவாள்மணையோடு.

"ப…து."

"புரில."

"பத்…து."

"புரில. இன்னொரு தபா."

கொஞ்ச நாளில் உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. தட்டு. காக்கா. கத்தி. கதவு நடுவில் இருந்தும் கேட்டது. அம்மா மாறாமல் "புரில" என்றாள். அப்பா முதலில் விடாமல் முயன்றார். பிறகு கையை விரித்தார். பிறகு பயிற்சி நேரத்தில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளத் தொடங்கினார். துண்டு மட்டும் மார்பில் ஏறி இறங்கும்.

அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, தட்டுன்னு சொன்னாரு. தெளிவா சொன்னாரு."

"உனுக்கு கேட்டுச்சா? நல்லது."

"உனக்கும் கேட்டுச்சு."

சுரண்டுவதை நிறுத்தவில்லை. "கேட்டுச்சுன்னு சொல்றேன்னே வெச்சிக்கோ. இன்னிக்கு தட்டும்பாரு. நாளிக்கு தட்டுல இன்னாடி கலீஜு போட்டுக்கீறம்பாரு. அத்தையும் நான்தானே கேக்கணும்?"

"பேசாமலே கெடந்து சாவட்டுமா?"

"சாவ சொன்னேனா? சோறு போட்றேன். துணி தொவைக்கறேன். ராவுல மூச்சு வந்துகினு கீதான்னு எழுந்து எழுந்து பாக்கறேன். கொரல மட்டும் என்னாண்ட கேக்காதே."

அடுத்த முறை மருத்துவமனைக்கு மூன்று பேரும் போனோம். அங்கே அப்பாவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வரவேண்டும் என்ற பதற்றத்திலேயே கழுத்து நரம்பு புடைத்தது, துளையில் காற்று சீறியது. பயிற்சியாளர் அம்மாவிடம் கேட்டார். "வீட்ல எப்படிம்மா?"

"ஒண்ணும் புரிலம்மா."

"வீட்ல யாருக்குமே புரியலைன்னா இதை நிறுத்திடலாம். சிலருக்கு இது வராது. கழுத்துல வெச்சுப் பேசுற கருவிக்கு எழுதிப் போடுறேன், ஆனா எப்போ கிடைக்கும்னு சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கேட்டிருக்கீங்களா?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். தன்னால் முடியவில்லை என்று அவர் முழுதாக நம்பிவிட்டிருந்தார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

"எனக்குப் புரியுது" என்றேன். "அடுத்த ரூம்ல இருந்தாக்கூடப் புரியுது."

பயிற்சியாளர் அப்பாவை எடை பார்த்துவரச் சொல்லி வெளியே அனுப்பினார். கதவு மூடியதும் அம்மா தானாகவே பேசினாள்.

"அந்தாளு கொரலு உனுக்குத் தெரியாதும்மா. நீ ஆபரேசனுக்கு அப்பால பாத்தவ. அது போனப்பறம்தான் நான் சோத்த ருசி பாத்து துன்றேன்."

பயிற்சியாளர் தன் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்தார். "அவர் இனிமே கத்த முடியாதும்மா. இந்தக் குரலுக்கு அவ்வளவு காத்து கிடையாது. கோவம் வந்தாலே கழுத்து இறுகிடும், பேச்சு நின்னுடும். இப்பக்கூடப் பாத்தீங்களே."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

திரும்பும் பேருந்தில் அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா ஜன்னல் பக்கம். ராயபுரம் தாண்டியதும், "உன்ன தப்பு சொல்லல. உனுக்கு அவரு நைனா" என்றாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் புரிய ஆரம்பித்தது. "காபியா? தோ தரேன்." "கதவா? தெறந்துதான் கீது." அப்பா மளமளவென்று முன்னேறினார். இரண்டு சொல், மூன்று சொல். துறைமுகக் கூட்டாளி ஒருவர் பார்க்க வந்து, "மாமு, டப்பாவுக்குள்ள தவள பூந்த மாரி கீதுய்யா உன் கொரலு!" என்றார். அப்பா தொடையில் தட்டிச் சத்தமில்லாமல் சிரித்தார். "போ… டா" என்றார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சில வாரங்கள் நன்றாக இருந்தன.

ஒரு சாயங்காலம் காரக்குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அம்மா ரேடியோவில் லயித்திருந்தாள். நாற்றம் எட்டியதும் அப்பாவின் முகம் மாறியது. வாய் திறந்தது, கழுத்து புடைத்தது, எதுவும் வரவில்லை. பயிற்சியாளர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, சட்டியில் தண்ணீர் ஊற்றத் திரும்பினாள்.

அப்பா வாயை மூடினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடி, சொல்லிக்கொடுத்தபடியே, தோள்கள் இரண்டையும் மெல்ல இறக்கினார். முகம் சாந்தமானது.

"பே… மானி."

மறுபடி காற்று. மறுபடி தோள்.

"பாட்டு… கேக்குது… கஸ்… மாலம்."

ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது. வகுப்பில் அவர் ஒருநாளும் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. முன்பு கத்தியிருந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் படுத்திருப்பார். இப்போது ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து, பொறுமையாக, அவள் முதுகில் வைத்தார். அம்மாவின் நிறம். பிறந்த வீடு. பிள்ளை.

"நைனா, போதும்" என்று நான் உள்ளறை வாசலிலிருந்து முன்னே வந்தேன். பாதிப் பயிற்சியில் குறுக்கே வந்தவளைத் தடுப்பதுபோல் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினார்.

அம்மா திரும்பவில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "புரில" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். மறுபடி தோளை இறக்கி, முதலிலிருந்து சொன்னார்.

"புரில. இன்னொரு தபா சொல்லு."

அவர் சொன்னார்.

அடுத்த பரிசோதனையில் பயிற்சியாளருக்கு ஒரே சந்தோஷம். மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பாவைப் பேசச் சொன்னார். "பாருங்க, தோள் எப்படி இருக்கு, கழுத்து எப்படி இருக்கு. அவசரமே இல்ல. இப்படித்தான் பேசணும்." அப்பா தன் ஊரையும் வேலையையும் சொன்னார். ஒருவர் கை தட்டினார். பிறகு பயிற்சியாளர் அம்மாவிடம், "இப்ப வீட்ல எல்லாம் புரியுதாம்மா?" என்று கேட்டார்.

"வேணும்ன்றது புரியுதும்மா" என்றாள் அம்மா.

முன்பு மாடிப்படித் திருப்பத்தைக் கேட்பாள். இப்போது தோளைப் பார்க்கிறாள். நாற்காலியில் அப்பா நிமிர்ந்து, தோள்கள் தளர்ந்து, முகத்தில் அமைதி வந்தால், அம்மா எழுந்து ரேடியோவை நிறுத்துகிறாள். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு அவருக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள்.