மருந்துப் பையில் இருந்த குட்டை ரிவால்வர்

திண்டிவனத்தில் நான் பெண் டாக்டராகத் தொழில் பார்த்த நாட்களில், என் மருந்துப் பைக்குள் கத்தரிக்கோலுக்கும் பஞ்சுக்கும் பக்கத்தில் ஒரு ரிவால்வர் எப்போதும் இருக்கும். பிரசவம் பார்க்க மாட்டு வண்டியில் மேல்மலையனூர் வரை தனியாகப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒருமுறை வழியில் இரண்டு பேர் வண்டியை மறித்து என் தோடுகளைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தோடு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. போகும்போது அவர்களில் ஒருவன், "பயந்துக்காதம்மா, பத்திரமா போ" என்று எனக்கு ஆறுதல் சொன்னானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊர் திரும்பியதும் லைசென்சுக்கு மனுக் கொடுத்தேன்.

சென்னைக் கடைக்காரர் முதலில் எனக்குக் காட்டியது பளபளவென்று தந்தக் கைப்பிடி போட்ட ஒன்று. பெண்களுக்கு அதுதான் லட்சணம் என்றார். அதன் பக்கத்தில் கறுப்பாக, கட்டையாக, மூக்கு அறுந்ததுபோல் இன்னொன்று கிடந்தது. குழல் என் விரல் நீளம்கூட இல்லை. கையில் எடுத்தேன். பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும் நல்ல கனம். விசையை இழுத்தால் போதும், பின்னாலிருக்கும் சுத்தி தானாக எழுந்து தானாக அடிக்கும். உருளையும் தானாகத் திரும்பி அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து நிறுத்தும். கட்டைவிரலால் ஒவ்வொரு முறையும் சுத்தியைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை. அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதே கம்பெனி, அதே அளவு ரிவால்வர் விழுப்புரத்தில் இன்னொருவரிடம் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. அவர் மனைவிக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்தேன். பையைத் திறந்ததும் அவர் கண்ணில் அது பட்டுவிட்டது. மனைவியின் காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஓடி, தன்னுடையதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க டாக்டரம்மா, ஓடுற வண்டியிலேர்ந்து தண்டவாளத்துல விழுந்துச்சு. மறுநாள் நடந்தே போய்த் தேடி எடுத்தேன். இந்தக் கீறல் ஒண்ணுதான். எடுத்த இடத்துலயே ஒரு வெடி போட்டுப் பார்த்தேன், சும்மா கணீர்னுச்சு."

"என்னுது சேத்துல விழுந்துச்சுங்க. கழுவித் தொடைச்சேன், அவ்வளவுதான்" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த அம்மாள், "எனக்கு மருந்து குடுத்துட்டு அப்பறமா பேசிக்கினு இருங்களேன்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். விழுப்புரம் ஜங்ஷனில் நான் ரயில் மாறும்போதெல்லாம் அவர் வந்து நிற்பார். ரிவால்வருக்குத் தேங்காய் எண்ணெய் போட்டால் பிசுக்குப் பிடிக்கும், தையல் மிஷின் எண்ணெய்தான் சரி என்பார். நான் மறுப்பேன். எங்களைக் கேலி செய்யவென்றே ஒருவர் இருந்தார். கோலியனூர்ப் பக்கத்துப் பெரிய நிலக்காரர். அவர் இடுப்பில் முழ நீளத் தோலுறை தொங்கும். அதற்குள் நீளக் குழல் வைத்த பழைய ரிவால்வர். எங்களுடையதைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "இன்னா கார்டு ஐயா, இது வளர்றதுக்கு இன்னும் எத்தினி வருசம் ஆவும்?" என்பார். கார்டு அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

யுத்தம் வந்தது. தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. லைசென்சு புதுப்பிக்கத் திண்டிவனத்து அலுவலகத்துக்குப் போனபோது, புதிதாக வந்திருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யுத்த நேரத்துல பொம்பளைக்கு எதுக்கும்மா ரிவால்வர்? போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடுங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன்."

பிரசவ கேஸ், வழிப்பறி எல்லாம் சொன்னேன். அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் தயங்கியிருந்தால், கேள்வி கேட்டிருந்தால், எனக்கு அத்தனை வலித்திருக்காது.

அந்த வாரத்தில்தான் நிலக்காரர் வண்டி அனுப்பினார். அவர் மருமகளுக்கு என் கையால்தான் குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி அழைப்பு. விழுப்புரத்தில் கார்டும் வண்டியில் ஏறிக்கொண்டார். அதிகாரி வைத்த மாதக் கடைசிக் கெடுவை வழியில் அவரிடம் சொன்னேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை நேரம். வீட்டுக்குப் பின்னால் களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வேப்ப மரக் கிளைகளில் சேலைத் தூளிகள், உள்ளே குழந்தைகள்.

மருமகளைப் பார்த்து முடித்ததும் நிலக்காரர் எங்களைத் தோப்புக் கரைக்குக் கூட்டிப் போனார். மண்மேட்டின் மேல் கொட்டாங்கச்சிகளை அடுக்கி வைத்திருந்தார். "வாங்க, இன்னிக்கிப் பார்த்துடுவோம்" என்றார். நான் இரண்டு முறை சுட்டேன். இரண்டும் மண்ணில் புதைந்தன. அந்தத் தூரத்துக்கு என் குட்டைக் குழல் தோதுப்படாது, அது எனக்கே தெரியும். அவர் தன்னுடையதை நீட்டி, ஒவ்வொரு தடவையும் சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி, நிதானமாகக் குறி பார்த்து, கொட்டாங்கச்சிகளைச் சிதறடித்தார். தோட்டாக்கள் தீரும்வரை நிறுத்தவில்லை. கார்டு தன்னுடையதை வீட்டில் விட்டு வந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டார். நான் பையை மாட்டிக்கொண்டு களத்துப் பக்கம் நடந்தேன்.

பாதி வழியில் கூச்சல் கேட்டது. "வெறிநாயி, வெறிநாயி" என்று பெண்கள் செடிக் குவியல்களைத் தாண்டி ஓடினார்கள். செம்பட்டை நிற நாய். வாயில் நுரை, பின்காலை இழுத்து இழுத்து வந்தது. அது யாரையும் துரத்தவில்லை. நேராக வேப்ப மரத்துக்குப் போனது. தாழ்வாகக் கட்டிய தூளி ஒன்று அங்கே ஆடிக்கொண்டிருந்தது. தூளியில் இருந்த பிள்ளையின் தாய் மறுகோடியில் நின்று அலறினாள்.

வெறிநாய் கடித்த மனிதன் சாவதை நான் ஆஸ்பத்திரியில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குவளையைக் கண்டு கட்டிலோடு துள்ளிய அந்த உடம்பு என் முன்னால் வந்து நின்றது. பின்னால் நிலக்காரர் ஓடி வந்தார். அவர் உறையில் இருந்தது தோட்டா தீர்ந்த வெறும் ரிவால்வர்.

"ஜல்தி, டாக்டரம்மா, உங்களாண்ட இருக்குதா?" என்று கத்தினார்.

பைக்குள் கைவிட்டேன். பஞ்சிலும் துணியிலும் எங்கும் மாட்டாமல் அது கையோடு வந்தது. தூரத்திலிருந்து சுட முடியாது, தூளி இருந்தது. ஓடினேன். தூளிக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்று, காலால் தரையை உதைத்தேன். நாய் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பாய்ந்தது. விசையை இழுத்தேன். 'டிக்' என்றது. பழைய தோட்டா, நமத்துப் போயிருந்தது.

யோசிக்க நேரமில்லை, யோசிக்கவும் தேவைப்படவில்லை. விரல் மறுபடியும் இழுத்தது. உருளை திரும்பி அடுத்த தோட்டா வெடித்தது. நாய் என் சேலை விளிம்பை உரசிக்கொண்டு காலடியில் விழுந்தது. ஒருமுறை உதறி அடங்கியது.

தூளிக்குள் இருந்த பிள்ளை அப்போதுதான் விழித்து அழுதது. அந்த அழுகை என் காதில் எவ்வளவு நன்றாக இருந்தது. தாய் ஓடி வந்து பிள்ளையை எடுத்தாள். பிறகு என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கையைத் தொட்டார்கள், தலையைத் தொட்டார்கள். நாயை யாரும் கையால் தொடக் கூடாது, கழியால் தள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஒரு கிழவி மட்டும், "பொண்ணு இன்னாமா நின்னா பாரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிலக்காரர் குனிந்து நாயைப் பார்த்தார். பிறகு என்னிடம் கை நீட்டினார். ரிவால்வரைக் காலி செய்து கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மொதல் வெடி பொய்ச்சிப் போச்சே. எப்படிங்க ஒடனே சுட்டீங்க?"

"சும்மா இன்னொரு தரம் இழுத்தேன். அதுக்குத்தான் இது."

அவர் வெறுமனே விசையை இழுத்தார். சுத்தி எழுந்து அடித்தது. மறுபடி இழுத்தார். மறுபடி இழுத்தார். "என்னுதா இருந்தா, கட்டைவெரலு சுத்தியத் தேடுறதுக்குள்ள கடிச்சிருக்கும்" என்றார். கார்டு முகம் மலர்ந்துவிட்டது. இந்த நாளுக்காகவே காத்திருந்தவர்போல, அன்று சாப்பாட்டுப் பந்தியிலும் விழுப்புரம் திரும்பும் வண்டியிலும் தண்டவாளக் கதையில் தொடங்கி எண்ணெய் வரைக்கும் விடாமல் பேசினார். நிலக்காரர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை.

மாதக் கடைசியில், ஒப்படைக்கும் முன் இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று நான் ரிவால்வரை எடுத்துக்கொண்டு திண்டிவனத்து அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் நிலக்காரர் நின்றிருந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. பக்கத்தில் கார்டு, பழைய ரயில்வே தொப்பியோடு. அவர்களுக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாய். நிலக்காரர்தான் ரயிலில் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார்.

அதிகாரி முன்னால் நிலக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததை முழுக்கச் சொன்னார். தன் உறை காலியாக இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். முடிவில், "இந்த ஜில்லாவுல லைசென்சு வெச்சிருக்கிறவங்கள்ல இது தேவைப்படுறவங்க ஒருத்தர்னா, அது இந்தம்மாதாங்க. பிடுங்குறதா இருந்தா என்னுதைப் பிடுங்குங்க" என்றார்.

அதிகாரி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவர் மேஜை மேல் இருந்த மைக்கூட்டுக்குக் கை நீட்டியது. அவர் மைக்கூட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

காலி செய்து கொடுத்தேன். கையில் எடை பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி விசையை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். உருளை திரும்புவதைக் காதருகே வைத்துக் கேட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த முகத்தை எங்களுக்குத் தெரியும். கார்டு தொண்டையைச் செருமி, "தையல் மிஷின் எண்ணெய்தாங்க இதுக்குத் தோது" என்று ஆரம்பித்தார்.

அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இது எந்தக் கடையில கிடைக்கும்?"